அமெரிக்காவை யாரும் கண்டுபிடிக்கல அண்ணாச்சி: பொது அறிவு புக் போடுறவங்களுக்கு ஒரு டிடிபிக்காரனோட திறந்த மடல்

பொது அறிவு வினா விடை புக் போடுற பதிப்பாளர் அண்ணாச்சிகளுக்கும், அதைப் பார்த்து கேள்வித்தாள் எடுக்குற சார் மேடம்களுக்கும், ஸ்கூல் ஆண்டுவிழாவுல மைக்கைப் பிடிச்சு க்விஸ் நடத்துற எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு கேட்டா பெரிசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, டிடிபி ஆபரேட்டர், அதாவது அச்சுக்குப் போறதை கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பக்கம் கட்டுறவன். பேஜ்மேக்கர் காலத்துல தட்ட ஆரம்பிச்சவன், இப்போ இன்டிசைன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ், அதோட உங்க புக்கு. பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஏறி எல்லார் மடியிலயும் ஒண்ணு வச்சுட்டுப் போவாங்களே அந்த 32 பக்க சென்டர் பின் புக்குல இருந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க தலைக்கு வச்சுப் படுக்கிற சைஸ் கைடு வரைக்கும் எல்லாம் அடிச்சிருக்கேன். அதுல ஒரு டேபிள் வரும், "கண்டுபிடிப்புகளும் கண்டுபிடித்தவர்களும்"னு. எத்தனை தடவை அடிச்சேன்னு கணக்கே இல்ல, உண்மையைச் சொன்னா அடிக்கிறது கூட இல்ல, பழைய ஃபைல்ல இருந்து காப்பி பேஸ்ட் தான். டைனமைட் – ஆல்ஃபிரட் நோபல். தொலைபேசி – கிரகாம் பெல். அமெரிக்கா – கொலம்பஸ். பெனிசிலின் – அலெக்சாண்டர் பிளெமிங்.

பாருங்க, டைனமைட்டுக்கும் பெனிசிலினுக்கும் நடுவுல ரெண்டு கண்டம் உட்கார்ந்திருக்கு. ஏதோ கொலம்பஸ் பட்டறையில உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கி அமெரிக்காவை செஞ்ச மாதிரி. நம்ம மொழியில இல்லாததைப் புதுசா செய்யுறதுக்கும் "கண்டுபிடி" தான், இருக்குறதைப் போய்ப் பார்க்குறதுக்கும் "கண்டுபிடி" தான், தொலைஞ்சு போன செருப்பைத் தேடி எடுக்குறதுக்கும் அதே "கண்டுபிடி" தான், அதனால இந்தக் குழப்பம் நமக்குக் கண்ணுலயே படல. எனக்கும் ரொம்ப வருஷம் படல.

பட்டது எப்போன்னா, ஒரு தடவை ப்ரூஃப் பார்க்கும்போது அடுத்த பக்கத்துல வாஸ்கோடகாமா வந்தாரு. அங்க என்ன போட்ருக்கோம்? "இந்தியாவிற்குக் கடல்வழி கண்டுபிடித்தவர்". கடல்வழி! இந்தியாவைக் கண்டுபிடிச்சவர்னு போடல, போடவும் விடமாட்டோம், ஏன்னா 1498ல அந்தாளு கோழிக்கோட்டுல வந்து இறங்கும்போது இங்க சாமூதிரி ராஜா இருந்தாரு, அரபு வியாபாரி இருந்தாரு, மிளகு யாவாரம் அமோகமா நடந்துக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவு ஏன், ஆப்பிரிக்காவுல மாலிந்தியில ஏத்திக்கிட்ட ஒரு வழிகாட்டி தான் அவரைக் கூட்டிட்டே வந்தாரு. நம்ம வீடுன்னா "வழி"ன்னு ஒரு வார்த்தையை ஞாபகமா சேர்க்குறோம். ஆறு வருஷம் முன்னாடி அதே மாதிரி இன்னொருத்தர் இன்னொரு ஊர்ல போய் இறங்குனா, ஊரையே கண்டுபிடிச்சாருன்னு எழுதுறோம்.

அதுக்கப்புறம் தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். வேலை இல்லாத நேரத்துல, கரண்ட் போன நேரத்துல போன்ல. படிச்சதுல பாதி இங்க கொட்டுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த "முதலில் கண்டவர்" சமாச்சாரம். 1492 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஸ்பெயின்ல பாலோஸ் துறைமுகத்துல இருந்து மூணு கப்பல், சுமார் 90 பேர். நிலத்தை யாரு மொதல்ல பார்க்குறாங்களோ அவங்களுக்கு வருஷம் 10,000 மரவேடி (அந்தக் காலத்து ஸ்பெயின் காசு) பென்ஷன்னு ராஜா ராணி அறிவிச்சிருந்தாங்க. ஒரு தேர்ந்த மாலுமிக்கே மாசம் ஆயிரம் மரவேடி தான் கூலி, அப்போ பத்து மாச சம்பளம் வருஷா வருஷம் சும்மா வரும்னு அர்த்தம். அக்டோபர் 12 விடியக்காலை ரெண்டு மணி வாக்குல பின்ட்டா கப்பல்ல நின்ன ரோட்ரிகோ டி டிரியானாங்கிற மாலுமி "நிலம்"னு கத்துனாரு. பென்ஷன் யாருக்குப் போச்சு? கொலம்பஸுக்கு. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கே தூரத்துல மெழுகுவர்த்தி ஏறி இறங்குற மாதிரி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துட்டேன்னு சொல்லி வாங்கிக்கிட்டாரு. ஆக, உங்க கணக்குப்படியே "கண்ணால மொதல்ல கண்டவர்"னு வச்சாலும் விடை கொலம்பஸ் இல்ல, அந்த ஏழை மாலுமி தான். அதுவும் அந்தக் கப்பல்ல இருந்தவங்களுக்குள்ள மட்டும்.

உலகம் உருண்டைன்னு கொலம்பஸ் நிரூபிச்சாருன்னு இன்னொரு பிட் இருக்கு, அதையும் நாம தான் பரப்புறோம். உருண்டைன்னு படிச்சவங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும். கொலம்பஸோட பிளானை ஸ்பெயின் நிபுணர்கள் வேணாம்னு சொன்னதுக்குக் காரணம் தூரக் கணக்கு. கேனரி தீவுல இருந்து ஜப்பானுக்கு 4,400 கிலோமீட்டர் வாக்குல தான் இருக்கும்னு அவர் கணக்கு போட்ருந்தாரு, நிஜம் 19,600 கிட்ட. நிபுணர்கள் சொன்னது தான் சரி, இவரு போட்டது தப்பு, நடுவுல அமெரிக்கா மட்டும் இல்லைன்னா தண்ணியும் சோறும் தீர்ந்து மூணு கப்பலும் நடுக்கடல்லயே முடிஞ்சிருக்கும். தப்புக் கணக்கு போட்டு பாஸான ஒரே ஆளு. (உங்க புக்குல "தன்னம்பிக்கை"ன்னு பக்கக் கடைசியில பெட்டிச் செய்தி போடுவீங்களே, அதுக்கு இது ஆகாது.)

அதை விட வேடிக்கை, அவரு கூட சீன ராஜாகிட்ட பேசுறதுக்குன்னு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிட்டுப் போனாரு. லூயிஸ் டி டோரஸ்னு பேரு, ஹீப்ரு, அரபி எல்லாம் தெரிஞ்சவரு. கியூபாவுல இறங்கினதும் உள்ளுக்குள்ள ஒரு பெரிய ராஜா இருக்காருன்னு கேள்விப்பட்டு, அது சீனாவோட பேரரசர் தான்னு முடிவு பண்ணி அந்த மனுஷனை ராஜாவுக்குக் குடுக்குற கடிதத்தோட அனுப்பி வச்சாங்க. போனவங்க பார்த்தது ஒரு நல்ல கிராமம், வாயில ஏதோ இலையைச் சுருட்டிப் புகை விட்டுக்கிட்டு இருந்த சனங்க. அது தான் புகையிலை. அரபி அங்க யாருக்கும் வேலைக்கு ஆகல.

1494 ஜூன் 12ஆம் தேதி நடந்தது தான் என்னால மறக்க முடியாதது. ரெண்டாவது பயணம். கியூபாவோட கரையை ஒட்டியே போறாரு, முடிவே வரல, சரி இது தீவு இல்ல ஆசியாவோட நிலப்பகுதி தான்னு அவரே தீர்மானம் பண்ணிட்டு, ஒரு நோட்டரியை வச்சு கப்பல்ல இருக்குற ஒவ்வொருத்தன் கிட்டயும் "இது தீவு இல்லை"ன்னு சத்தியம் எழுதி வாங்குனாரு, பின்னாடி யாராவது மாத்திப் பேசுனா 10,000 மரவேடி அபராதம், நாக்கை அறுத்துருவோம்னு. நாக்கை! நம்ம ஊர்ல நோட்டரி கிட்ட என்னென்னமோ எழுதி வாங்கியிருக்காங்க, ஒரு தீவைத் தீவு இல்லைன்னு அஃபிடவிட் வாங்கினது இவர் ஒருத்தர் தான். 1506 மே மாசம் வயாதோலித் ஊர்ல சாகுற வரைக்கும் தான் போனது ஆசியான்னு தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. கண்டுபிடிச்சேன்னு அவரே சொல்லாத ஒண்ணை அவரு கண்டுபிடிச்சாருன்னு நாம அஞ்நூறு வருஷம் கழிச்சு ஒரு மார்க் குடுக்கிறோம்.

பேரும் அவர் வைக்கல. 1507ல வால்ட்சீமுல்லர்னு ஒரு ஜெர்மன் வரைபடக்காரர், அமெரிகோ வெஸ்புச்சி எழுதின கடிதங்களைப் படிச்சுட்டு, இது புது நிலம்னு சொன்னது இவரு தானேன்னு மேப்புல "அமெரிக்கா"ன்னு போட்டாரு. அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்து 1513 மேப்புல பேரை எடுத்துட்டாரு. ஆனா பிரிண்ட் ஆயிருச்சே, போனது போனது தான். இந்த விஷயத்துல அந்தாளு மேல எனக்குத் தனி பாசம், ஒரு தடவை அச்சுப் பிளேட்டுக்குப் போயிட்டா என்ன ஆகும்னு எங்க தொழில்ல இருக்கவனுக்குத் தான் தெரியும்.

சரி, சில விவரமான ஆளுங்க, கொலம்பஸ் தப்பு, அவருக்கு முன்னாடியே வட ஐரோப்பாவுல இருந்து போன வைக்கிங் மாலுமி லீஃப் எரிக்சன்னு போடுங்கன்னு சொல்வாங்க. கனடாவுல நியூஃபவுண்ட்லேண்டு தீவுல வைக்கிங் ஆளுங்க வீடு கட்டி இருந்த இடம் 1960ல அடையாளம் தெரிஞ்சு அப்புறம் தோண்டி எடுத்தது, அங்க கெடச்ச மரத்துண்டுகளைச் சோதிச்சுப் பார்த்ததுல 1021ஆம் வருஷம் வெட்டினதுன்னு 2021ல அறிவிச்சாங்க. நல்ல விஷயம் தான். ஆனா பேரை மாத்திப் போட்டா கேள்வியில இருக்குற கோளாறு போயிருமா? நியூ மெக்சிகோவுல வெண்மணல் பூமியில மனுஷக் காலடித் தடம் பதிஞ்சு கெடக்கு, 21,000ல இருந்து 23,000 வருஷம் பழசுங்கிறாங்க, வயசு பத்தி ஆராய்ச்சியாளர்களுக்குள்ள சண்டை இருக்கு, அது இல்லைன்னாலும் சிலியில மான்டே வெர்டேல இருக்குறது 14,000 வருஷத்துக்கு மேலன்னு அநேகமா எல்லாரும் ஏத்துக்கிட்டது. அந்தக் காலடிக்குச் சொந்தக்காரன் பேரு நம்ம டேபிளுக்குக் கெடைக்காது.

இதெல்லாம் ஒரு வார்த்தைக்காக இம்புட்டு அலட்டணுமான்னு ஒரு பதிப்பாளர் அண்ணாச்சி என்கிட்ட நேராவே கேட்டாரு (பேரு வேணாம், நல்ல மனுஷன், பேமென்ட் மட்டும் லேட்டா வரும்). ஒரு தடவை நானா அந்த வரியை மாத்தி அடிச்சுக் குடுத்துட்டேன், ப்ரூஃப்ல சிவப்புப் பேனாவால அடிச்சு "மூலப்படி போடவும்"னு எழுதி அனுப்பிட்டாரு. போன்ல கேட்டதுக்கு, "ஏலே, கண்டுபிடிச்சாருன்னா என்ன, போனாருன்னா என்ன, எல்லாம் ஒண்ணு தானே"ன்னாரு.

அண்ணாச்சி, ஒண்ணு இல்ல. அதைத் தான் உங்களுக்கு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன். அந்த வார்த்தை ஒரு பட்டா.

1493 மே மாசம், கொலம்பஸ் திரும்பி வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, போப் ஆறாம் அலெக்சாண்டர் ஒரு ஆணை போட்டாரு, இந்தக் கோட்டுக்கு மேற்கே கண்டுபிடிச்சதும் இனிமே கண்டுபிடிக்கப் போறதும் ஸ்பெயினுக்குன்னு. அடுத்த வருஷம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டெசியாஸ்ங்கிற ஊர்ல உட்கார்ந்து, வெர்டே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீகு தூரத்துல கோடு கிழிச்சுப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் குடியிருந்த ஒரு ஆளுக்கும் தாக்கல் கெடையாது. "கண்டுபிடிச்சவனுக்கு நிலம் சொந்தம்"ங்கிறது அப்படியே சட்டமா நின்னுடுச்சு.

இது பழங்கதைன்னு நெனச்சா, 1823ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ஜான்சன் எதிர் மெக்கின்டோஷ்னு ஒரு கேஸ். பியாங்கிஷா பழங்குடிகள் கிட்ட இருந்து நேரா நிலம் வாங்கினவங்க தரப்பு ஒரு பக்கம், அரசாங்கம் வழியா வாங்கினவர் இன்னொரு பக்கம், ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்க, நிலத்துக்காரங்க கோர்ட் வாசல்லயே இல்ல. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் என்ன தீர்ப்பு சொன்னாருன்னா, கண்டுபிடிச்ச ஐரோப்பிய அரசுக்குத் தான் நிலத்து மேல உரிமை, அங்க ஏற்கனவே இருந்தவங்களுக்கு குடியிருக்குற பாத்தியதை மட்டும் தான், வேற யாருக்கும் விக்க முடியாதுன்னு. புரியுதா அண்ணாச்சி? தலைமுறை தலைமுறையா வீடு கட்டி இருக்கீங்க, ஒருத்தன் வந்து தெருமுனையில நின்னு எட்டிப் பார்த்துட்டு, பார்த்தது நான், அதனால இது இனிமே நத்தம் புறம்போக்கு, நீ இருந்துக்கோ ஆனா விக்காதேங்கிறான். இந்தத் தீர்ப்போட வாலு 2005 வரைக்கும் நீளுது. நியூயார்க் மாநிலத்துல ஒனைடா பழங்குடி மக்கள், தங்களோட பழைய நிலத்தையே காசு குடுத்துத் திரும்ப வாங்கி, இது எங்க பூமி, ஷெரில் நகராட்சிக்கு வரி கட்ட மாட்டோம்னு நின்னாங்க. சுப்ரீம் கோர்ட்ல தோத்துட்டாங்க, தீர்ப்போட முதல் அடிக்குறிப்புலயே அந்தக் "கண்டுபிடிப்புக் கோட்பாடு" தான் இருக்கு. வாடிகன் அந்தக் கோட்பாட்டை நாங்க நிராகரிக்கிறோம்னு வாயத் தொறந்து சொன்னது 2023 மார்ச் 30ஆம் தேதி. போப் வீடே கைவிட்ட வார்த்தையை நம்ம பத்து ரூபா புக்கு கைவிட மாட்டேங்குது.

இப்போ அந்தக் கரையில நின்ன சனங்க கதைக்கு வரேன், அவங்க பேரு உங்க புக்குல ஒரு தடவை கூட வந்ததில்ல. தைனோ. கரீபியன் தீவுக்காரங்க. கொலம்பஸ் மொதல்ல இறங்குன தீவுக்கு அவங்க வச்ச பேரு குவானஹானி, இவரு சான் சால்வடார்னு மாத்திட்டாரு. அவரோட நாட்குறிப்போட மூலம் தொலைஞ்சு போச்சு, லாஸ் காசாஸ்னு ஒரு பாதிரியார் எடுத்து வச்ச படி தான் நமக்கு மிச்சம், அதுல இறங்குன முதல் நாளே, இவங்க நல்ல வேலைக்காரங்களா இருப்பாங்கன்னு எழுதுறாரு. ரெண்டு நாள் கழிச்சு, ஐம்பது ஆளு இருந்தா எல்லாரையும் அடக்கி வேண்டியதைச் செய்ய வைக்கலாம்ங்கிறாரு. ரெண்டே நாள். விருந்தாளி கால் கழுவின ஈரம் காயல.

அதே வருஷம் கிறிஸ்மஸ் ராத்திரி சாந்தா மரியா கப்பல் ஹைத்தி கரையில தரை தட்டிருச்சு. அங்க இருந்த தைனோ தலைவர் குவாக்கனகாரி ஆள் அனுப்பி, படகு அனுப்பி, சாமான் பூரா கரை சேர்த்துக் குடுத்தாரு, ஒரு துரும்பு காணாமப் போகலன்னு கொலம்பஸே எழுதுறாரு. அதுக்குக் கைமாறு என்ன தெரியுமா? மூணு வருஷத்துல அதே தீவுல வரி. 14 வயசுக்கு மேல ஒவ்வொருத்தரும் மூணு மாசத்துக்கு ஒருக்கா, வல்லூறு கால்ல கட்டுற மணி இருக்குல்ல, அது நிறைய தங்கப்பொடி குடுக்கணும், தங்கம் கெடைக்காத பகுதின்னா பருத்தி. குடுத்தவங்க கழுத்துல வரி கட்டின அடையாளமா ஒரு உலோக வில்லை, மாட்டுக்கு நம்பர் மாட்டுற மாதிரி. ஆத்து மணலை அரிச்சா அவ்வளவு தங்கம் எங்க வரும், சனங்க விதைக்கிறதை விட்டுட்டு மலைக்கு ஓடுனாங்க, பஞ்சம் வந்துச்சு. 1495ல 1,500 பேரைப் பிடிச்சு, அதுல 500 பேருக்கு மேல கப்பல்ல ஏத்தி ஸ்பெயினுக்கு விக்க அனுப்புனதுல சுமார் 200 பேரு வழியிலயே செத்து கடல்ல போட்டாங்க. அவரோட நிர்வாக லட்சணம் எப்படி இருந்துச்சுன்னா, 1500ல ஸ்பெயின் அரசே பொபடில்லாங்கிற அதிகாரியை அனுப்பி, அவரு கொலம்பஸுக்கு விலங்கு மாட்டி ஊருக்கு அனுப்பி வச்சாரு. விலங்கு மாட்டின படம் போட்டு கேள்வி கேளுங்களேன், பசங்க ஆர்வமா படிப்பாங்க.

அம்மை நோய் தான் கொன்னுச்சு, ஐரோப்பாக்காரன் வேணும்னு செய்யலங்கிறது அடிக்கடி கேக்குற சமாதானம். நோய் பெரிய எமன் தான், மெக்சிகோவுல 1520ல பெரியம்மை வந்து அஸ்டெக் அரசர் கியூட்லாவாக்கையே கொண்டு போச்சு, மறுக்கல. ஆனா ஹிஸ்பானியோலா தீவுல (ஹைத்தி இருக்குற அதே தீவு தான்) பெரியம்மை வந்தது 1518 கடைசியில. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1514ல ஸ்பெயின்காரங்களே தைனோ ஆளுங்களை முதலாளிமாருக்கு வேலைக்குப் பங்கு பிரிக்க எடுத்த கணக்குல மிச்சம் இருந்தது சுமார் 26,000 பேரு தான். மொதல்ல எத்தனை பேரு இருந்தாங்கன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு, லட்சத்துல ஆரம்பிச்சு பத்து லட்சத்தைத் தாண்டிப் போறவங்க வரைக்கும் உண்டு, எந்தக் கணக்கைப் பிடிச்சாலும் அம்மை வர்றதுக்கு முன்னாடியே பெரும்பாதி போயாச்சு. சுரங்கம், பட்டினி, அடி. குறைஞ்ச ஆளுக்கு ஈடு கட்ட ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வர ஆரம்பிச்சு, அடுத்த மூணரை நூற்றாண்டுல ஒரு கோடியே இருபத்தஞ்சு லட்சம் பேரைக் கப்பல்ல ஏத்துனதுல கரை சேர்ந்தது ஒரு கோடியே ஏழு லட்சம்ங்கிறது வேற கதை, அதுக்குத் தனி மடல் வேணும்.

அந்தக் காலத்து நியாயம் அது, இப்போ உட்கார்ந்து பேசக் கூடாதுன்னும் சொல்லாதீங்க. 1511 டிசம்பர் 21, ஞாயித்துக்கிழமை, சாண்டோ டொமிங்கோ கோயில்ல அன்டோனியோ டி மான்டிசினோஸ்னு ஒரு பாதிரியார் பிரசங்க மேடையில ஏறி, இவங்க மனுஷங்க இல்லையா, இவங்களுக்கு ஆன்மா இல்லையான்னு முன்னாடி உட்கார்ந்திருந்த முதலாளிமார் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல கவர்னரும் ஒருத்தர், அவரு வேற யாரும் இல்ல, கொலம்பஸோட மகன் தியேகோ. கூட்டம் கொதிச்சுப் போய் சாயங்காலமே மன்னிப்பு கேளுன்னு மடத்து வாசல்ல போய் நின்னுச்சு, அடுத்த ஞாயிறு அந்த மனுஷன் மேடையேறி அதையே இன்னும் காரமா சொன்னாரு. நாலு மாடிக் கட்டடம் உயரத்துக்கு சாண்டோ டொமிங்கோ கடற்கரையில இப்போ அவருக்குச் சிலை இருக்கு, வாய்க்குப் பக்கத்துல கையை வச்சுக் கத்துற மாதிரி.

எனக்குப் பிடிச்ச ஆளு ஒருத்தர் இருக்காரு, என்ரிகியோ. தைனோ. அவங்க அப்பா 1503ல ஹரகுவாங்கிற இடத்துல கவர்னர் ஒவான்டோ பேச்சுவார்த்தைக்குன்னு கூப்பிட்டு கொன்னவங்கள்ல ஒருத்தர், அந்தப் பகுதியை ஆண்ட அனகவோனாங்கிற அரசியைப் பின்னாடி தூக்குல போட்டாங்க. பையனை பாதிரிமார் மடத்துல வளர்த்தாங்க, ஸ்பானிஷ் நல்லா எழுதப் படிக்கத் தெரியும், ஒழுங்கா வேலை பார்த்துக்கிட்டு இருந்தாரு. இவரைப் பங்கா வாங்கியிருந்த முதலாளி பையன் மொதல்ல இவரோட குதிரையைப் பிடுங்குனான், அடுத்து பொண்டாட்டி மென்சியா மேல கை வச்சான். என்ரிகியோ என்ன பண்ணாரு? மனு குடுத்தாரு. உள்ளூர் அதிகாரி அவரையே மிரட்டி உள்ள வச்சான். வெளிய வந்து, நடையா நடந்து தலைநகருக்குப் போயி பெரிய கோர்ட்ல மனு குடுத்தாரு. அவங்க ஒரு கடிதம் குடுத்து அனுப்பினாங்க, யாருக்கு? அதே உள்ளூர் அதிகாரிக்கு, "ஆவன செய்யவும்"னு.

இதைப் படிச்சப்போ கலெக்டர் ஆபீஸ்ல குடுத்த மனு தாலுகா ஆபீஸுக்கே திரும்பி வந்த கதை எத்தனை ஞாபகம் வந்துச்சு தெரியுமா.

அப்புறம் தான் மனுஷன் 1519ல தன் ஆளுங்களோட பஹோருக்கோ மலைக்குள்ள போயிட்டாரு. 14 வருஷம். பட்டாளம் பட்டாளமா அனுப்பிப் பார்த்தாங்க, பிடிக்க முடியல, தப்பிச்சு வந்த ஆப்பிரிக்க அடிமைகளும் கூடச் சேர்ந்துக்கிட்டாங்க. கடைசியா 1533ல பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பாதி ஐரோப்பாவை ஆண்டவரு, மரியாதையா "டான்" பட்டம் போட்டுக் கடிதம் எழுதி ஆள் அனுப்பி சமாதானம் பேசுனாரு. இப்பவும் டொமினிகன் குடியரசுல பெரிய உப்பு ஏரிக்கு அவரு பேரு தான். இந்த ஆளைப் பத்தி நான் அடிச்ச எந்தக் கைடுலயும் அரை வரி இல்ல.

தைனோ இனம் அழிஞ்சே போச்சுன்னு முடிக்கிறதும் முழு உண்மை இல்ல. பஹாமாவுல ஒரு குகையில கெடச்ச ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பொண்ணோட பல்லுல மரபணு எடுத்துப் பார்த்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு, இன்னிக்கு போர்ட்டோ ரிகோவுல இருக்குற சனங்க உடம்புல அந்தச் சொந்தம் ஓடுது. வார்த்தையும் ஓடுது. கனூ, ஹேமக், ஹரிக்கேன், பார்பெக்யூ எல்லாம் அந்தத் தீவுகள்ல இருந்து கெளம்புன சொல்லு. உங்க வீட்டு பின்னாடி நிக்கிற கொய்யா மரம் இருக்கே, அந்த "கொய்யா"வே குவயாபாங்கிற அவங்க சொல்லு போர்ச்சுக்கீசியக்காரன் வாய் வழியா நம்ம வாய்க்கு வந்ததுன்னு சொல்றாங்க. மிளகாய் இன்னும் அழகு. மிளகைத் தேடிப் போன கொலம்பஸுக்குக் கெடச்சது மிளகாய், அவங்க "அஹி"ன்னு சொல்றது நம்ம மிளகை விட ஒசத்தின்னு 1493 ஜனவரியில குறிச்சு வச்சாரு, ஸ்பெயின்காரன் மிளகோட பேரையே லேசா மாத்தி அதுக்கு வச்சான். அந்தக் காய் கடல் தாண்டி இங்க வந்ததும் நாம பண்ணதும் அதே தான், மிளகு, மிளகாய். "செவ்விந்தியர்"ங்கிற பேரும் அவரோட வழி தப்புல பொறந்தது தான், அதையும் விட்டுட்டு தைனோ, ஒனைடா, மாயான்னு அவங்கவங்க பேரைப் போடலாம். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் டீமை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, விட்ருவோம்.

உங்க பயம் எனக்குத் தெரியும். சிலபஸ்ல அப்படி இருக்கு, ஆன்சர் கீல கொலம்பஸ், நாம மாத்திப் போட்டு பையனுக்கு ஒரு மார்க் போச்சுன்னா அவன் வேலையே போகும், சாபம் நம்ம தலையில விழும். நியாயம். நானும் ரெண்டு தடவை பரீட்சை எழுதி ஒண்ணரை மார்க்ல விட்டவன் தான், அந்த வலி புக்கு படிச்சு வர்றது இல்ல. அதனால விடையை மாத்தச் சொல்லல, கேள்வியை மட்டும் மாத்துங்க. "1492இல் ஸ்பெயின் அரசுக்காக அட்லாண்டிக் கடலைக் கடந்து கரீபியன் தீவுகளை அடைந்த மாலுமி யார்?" விடை: கொலம்பஸ். கீ அப்படியே இருக்கும், கொட்டேஷனும் மாறாது, ஒரு வரி ரெண்டு வரியாகும், அதை நான் ஃபான்ட்டை அரை பாயின்ட் குறைச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன். அடுத்த வரியில "அவர் முதலில் இறங்கிய தீவில் வாழ்ந்த மக்கள் யார்?" விடை: தைனோ. கேள்வித்தாள் எடுக்குற சார், நீங்க ஒரே ஒரு வருஷம் இதைக் கேட்டுட்டா போதும், அடுத்த வருஷம் எல்லா கைடுலயும் தன்னால வந்துரும், முந்தின வருஷ கேள்வித்தாளைப் பார்த்து தானே நாங்க புக்கே போடுறோம்.

முக்கியமா அந்த டேபிள்ல இருந்து அமெரிக்காவை எடுத்துருங்க. தொலைபேசிக்கு அடுத்து நேரா பெனிசிலின் வரட்டும். காலியாகுற வரிக்கு ஜிப் – கிடியன் சன்ட்பேக் போட்டுக்கலாம், ரொம்ப நாளா எடமில்லாம விட்டது.

அண்ணாச்சி, அடுத்த எடிஷன் ஃபைல் என் சிஸ்டத்துல தான் தெறந்து கெடக்கு. 47ஆம் பக்கம், மூணாவது வரி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சரின்னு வாட்ஸ்அப் பண்ணுங்க, சனிக்கிழமை பிளேட்டுக்குப் போகுது.

இப்படிக்கு,
உங்க புக்குல கடைசிப் பக்கத்துல "ஒளியச்சு"ன்னு சின்ன எழுத்துல வர்ற ஆளு